தாயின் உயிருக்குச் சட்டமே வேலி

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது தமிழர் வீடுகளில் வழிவழியாக வழங்கிவரும் சொல். அச்சொல்லில் பெருமையும் உண்டு, அச்சமும் உண்டு. பெருமையை மேடைகள் எடுத்துக்கொண்டன. அச்சம் மட்டும் தாயிடமே தங்கிவிட்டது. தாய்மையைத் தெய்வமாக்கிப் பேசாத விழா இல்லை. அன்னையைப் போற்றி எழுதாத மாணவர் இல்லை. ஆயினும் பேற்றுக்குப்பின் பெருகும் குருதியைப் போற்றுதல் நிறுத்துவதில்லை. அதனை நிறுத்தப் பயிற்சி பெற்ற கை வேண்டும். உரிய மருந்து வேண்டும். உரிய நேரத்தில் ஊர்தி வேண்டும். இவை அனைத்தும் ஏழைக்கும் செல்வர்க்கும் ஒன்றுபோல் கிடைப்பதற்கு ஓர் ஆணை வேண்டும். அவ்வாணைக்குத்தான் சட்டம் என்று பெயர்.

ஒரு தாய் பாதுகாப்பாகப் பெற்றெடுக்க, இன்னொரு தாய் அதே ஊரில் அதே நாளில் அஞ்சி அஞ்சிப் பெற்றெடுக்கும் நிலை விதியின் விளையாட்டன்று. அது மனிதர் வகுத்த விதிகளின் விளைவு. எழுதப்பட்ட சட்டமும், எழுதாமல் விடப்பட்ட சட்டமும் சேர்ந்தே அவ்வேற்றத்தாழ்வை உண்டாக்கின. ஆகவே அதனை நீக்கும் கடமையும் சட்டத்தையே சாரும். இரக்கமும் நன்கொடையும் விழிப்புணர்வு வாரமும் துணை செய்யலாம். அவை சட்டத்தின் இடத்தை நிரப்பமாட்டா.

தமிழ்ப்பள்ளி கற்பிக்கும் பாடம்

இவ்வுண்மையைத் தமிழாசிரியருக்கு வேறு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் வரலாறே அதற்குச் சான்று. தோட்டத் துரைமாரின் கருணையால் அப்பள்ளிகள் முளைத்துப் பெருகின என்று எண்ணுவோர் இன்றும் உளர். உண்மை வேறு. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்கப்படவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வகுத்தது. அதன் பின்னரே பள்ளிகளின் எண்ணிக்கை பெருகிற்று. கருணை செய்யத் தவறியதைச் சட்டத்தின் ஒரு வரி செய்து முடித்தது.

அதே வரலாறு இன்னொரு பாடத்தையும் கற்பிக்கிறது. பள்ளி வேண்டும் என்று கூறிய சட்டம், அது எத்தகைய பள்ளியாக இருக்கவேண்டும் என்பதில் கண்டிப்புக் காட்டவில்லை. கொட்டகையும் பள்ளியாயிற்று, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியும் ஆசிரியரானார். கண்காணிப்பு இல்லாத சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றது. சட்டம் இல்லையேல் ஒன்றும் பிறவாது. கண்காணிப்பு இல்லையேல் பிறந்தது வளராது. தாய்நலச் சட்டங்களை மதிப்பிடுவதற்கும் இவ்விரண்டே அளவுகோல்கள்.

எண்கள் கூறும் வரலாறு

மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில், ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் மாண்டனர். 2020ஆம் ஆண்டில் மலேசியாவில் அந்த எண் 24.9. பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட சாவு தடுக்கப்பட்டிருக்கிறது. உலக வங்கி 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, தாய்மார் உயிர்காப்பில் ஏனைய நாடுகள் கற்கத்தக்க முன்மாதிரிகளாக மலேசியாவையும் இலங்கையையும் எடுத்துக்காட்டிற்று.

செல்வம் பெருகியது ஒன்றுதான் இதற்குக் காரணம் என்பது மேலோட்டமான விடை. செல்வம் மிக்க அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் அந்த எண் 32.9, அந்நாட்டுக் கறுப்பினத் தாய்மாரிடையே 69.9. பணம் மட்டும் தாயைக் காக்குமாயின் இவ்வெண்கள் இவ்வாறு இரா.

மலேசியா செய்தது யாது? 1950களின் நடுவில் கிராமச் சுகாதாரத் திட்டம் தொடங்கப்பட்டது. ஐம்பதாயிரம் மக்களுக்கு ஒரு தலைமை நிலையம். பத்தாயிரம் மக்களுக்கு ஒரு துணை நிலையம். இரண்டாயிரம் மக்களுக்கு ஒரு மருத்துவிச்சி நிலையம் என்று அளவு வகுக்கப்பட்டது. மருத்துவிச்சி அங்கேயே குடியிருந்து, வீடு தேடிச் சென்று கருவுற்ற பெண்களைக் கண்டாள். இவ்வமைப்புக்கு முதுகெலும்பாக நின்றவை 1954ஆம் ஆண்டின் மருத்துவிச்சியர் ஆணையும், 1966ஆம் ஆண்டின் மருத்துவிச்சியர் சட்டமும் ஆகும். பதிவு பெறாதவர் பேறு பார்த்தலைச் சட்டம் தடுத்தது. அதே வேளையில், கிராமங்களில் நெடுநாளாகப் பேறு பார்த்துவந்த பிடான்களை அது பகைவராகக் கருதி ஒதுக்கவில்லை. பதிவேட்டில் தனிப் பகுதி வகுத்து அவர்களையும் சேர்த்துக்கொண்டது. பயிற்சி பெற்றவர் பெருகப் பெருக, பழைய முறை பூசலின்றி விடைபெற்றது. சட்டம் அறிவோடு வகுக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆயினும் இந்தப் பெருமைக்குள் ஒரு நிழல் உண்டு. கிராமம் என்ற சொல்லின் எல்லைக்குள் தோட்டம் அடங்கவில்லை. தோட்டம் தனியார் சொத்து. அங்குள்ளோரின் நலம் முதலாளியின் பொறுப்பு என்று அரசின் மேம்பாட்டுத் திட்டங்கள் வேலிக்கு வெளியே நின்றன. கம்பத்துப் பெண்ணுக்கு அரசு மருத்துவிச்சி. லயத்துப் பெண்ணுக்குத் தோட்டத்து டிரெஸர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, நாட்கூலி பெற்ற பெண்ணுக்குக் கருவுற்ற காலத்திலும் ஓய்வு என்பது கூலியிழப்பே. சோதனைக்காக நகரத்து மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே அவள் செல்லவில்லை. அவளை அறியாமை உடையவள் என்று ஏசினார்கள். அவள் அறியாமையால் அன்று, அரிசிக் கணக்கால் வீட்டிலிருந்தாள். 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது, அந்த எளிய ஏற்பாடுகளும் பல இடங்களில் சிதைந்தன.

எண்களைப் பற்றி மற்றொன்றும் கூறவேண்டும். 1991ஆம் ஆண்டில், தாய்மார் சாவு ஒவ்வொன்றையும் மறைவாக, எவரையும் பழிக்கும் நோக்கமின்றி ஆராயும் முறை மலேசியாவில் தொடங்கப்பட்டது. உடனே கணக்கில் வந்த சாவுகளின் விகிதம் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. ஓராண்டில் தாய்மார் திடீரென மிகுதியாக மாண்டுவிடவில்லை. அதுவரை எண்ணப்படாமல் புதைந்துபோன சாவுகள் எண்ணப்பட்டன, அவ்வளவே. எண்ணப்படாத சாவுக்கு எவரும் விடை கூறவேண்டுவதில்லை. ஆதலால் எண்ணுதலே நீதியின் முதற்படி.

வேலியில் உள்ள ஓட்டைகள்

பேறு என்பது மருத்துவமனையில் கழியும் ஒரு நாளில் முடிவதன்று. பேற்றுக்கு முந்திய திங்கள்களும் பிந்திய வாரங்களும் தாயின் உயிரோடு தொடர்புடையவை. ஆகவே விடுப்புச் சட்டமும் உயிர்காப்புச் சட்டமே.

1919ஆம் ஆண்டிலேயே அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, தொழிலிலும் வணிகத்திலும் உழைக்கும் பெண்ணுக்குப் பன்னிரண்டு வாரம், அதாவது 84 நாள், பேறுகால விடுப்பு வேண்டும் என்று உடன்படிக்கை வகுத்தது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலோ தனியார் துறைப் பெண்ணின் விடுப்பு நெடுங்காலம் 60 நாளாகவே இருந்தது. 2010ஆம் ஆண்டு முதல் அரசுப் பணியிலிருந்த ஆசிரியை 90 நாள் வரை விடுப்பு எடுக்கமுடிந்தது. அவளிடம் படிக்கும் பிள்ளையின் தாய், தொழிற்சாலையில் உழைப்பவளாயின், 60 நாளில் இயந்திரத்தின் முன் நிற்கவேண்டியிருந்தது. ஆசிரியையின் உடல் ஆற 90 நாள் வேண்டும், தொழிலாளியின் உடல் ஆற 60 நாள் போதும் என்று எந்த மருத்துவ நூல் கூறிற்று? 2022ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, 2023ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடக்கம் விடுப்பு 98 நாளாயிற்று. வரவேற்கத்தக்க திருத்தம், ஆனால் நெடுங்காலத் தாமதம்.

அத்திருத்தமும் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் உரியது. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனித் தொழிலாளர் சட்டங்கள் உண்டு. அங்குள்ள தாய்மார் 98 நாளைப் பெற 2025ஆம் ஆண்டுவரை காத்திருந்தனர். ஒரே நாட்டில், ஒரே கொடியின் கீழ், கடலின் இக்கரையில் பெற்றவளுக்கு ஒரு கணக்கு. அக்கரையில் பெற்றவளுக்கு மற்றொரு கணக்கு!

ஓட்டைகள் இன்னும் அடைபடவில்லை. ஐந்து பிள்ளைகள் உயிரோடிருப்பின் அடுத்த பேற்றுக்குப் பேறுகாலப் படி இல்லை என்பது சட்டத்தின் விதி. ஆறாம் பேறு முதற் பேற்றைவிட எளிதென்று எண்ணுவது மருத்துவ அறிவுக்கு மாறு. பலமுறை பெற்றவளுக்கே குருதிப்பெருக்கின் இடர் மிகுதி. அவளுக்கே ஓய்வு மிகுதியாக வேண்டும். அவளிடமிருந்தே சட்டம் கூலியைப் பறிக்கிறது. இலங்கையில் மலையகத் தோட்டப் பெண்களையும் உள்ளடக்கிய 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டத்திலும் இத்தகைய விதி இருந்தது. இரண்டு பிள்ளைகளுக்குப்பின் விடுப்பு 84 நாளிலிருந்து 42 நாளாகக் குறைந்தது. அவ்வேறுபாட்டை இலங்கை 2018ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. இலங்கை செய்ததை மலேசியா செய்யக் கூடாதா?

வீட்டுப் பணிப்பெண் இச்சட்டத்தின் பேறுகாலப் பகுதிக்குள் அடங்கவே இல்லை. பிறர் பிள்ளைக்குப் பாலூட்டித் தாலாட்டும் கைகளுக்குச் சொந்தப் பிள்ளையைப் பெறும் பாதுகாப்பு இல்லை. தானே சிறுதொழில் செய்து, இரவுச் சந்தையில் பலகாரம் விற்றும் வீட்டில் துணி தைத்தும் பிழைப்பவள் எவருக்கும் தொழிலாளி அல்லள். ஆகவே அவளுக்கும் ஒன்றும் இல்லை. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவளின் நிலை இன்னும் நுட்பமானது. பேற்றுக்கு முந்திய ஒன்பது திங்களில், அதே முதலாளியிடம் மொத்தம் 90 நாளேனும் வேலை செய்திருந்தால்தான் படி கிடைக்கும். பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்யும் பெண்ணை ஆசிரியர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். குத்தகை கைமாறினால் முதலாளி மாறுகிறார். துடைப்பமும் அதே, வகுப்பறையும் அதே, பெண்ணும் அவளே. ஆனால் சட்டத்தின் கணக்கில் அவள் நேற்று வந்தவள்.

நீதிமன்றம் காட்டிய எல்லை

அரசமைப்புச் சட்டமே சமத்துவம் வழங்கியிருக்கும்போது தனிச் சட்டம் எதற்கு என்று வினவுவோர்க்கு இரு தீர்ப்புகள் விடையாகும்.

கருவுற்ற காரணத்தால் வேலையிழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், 2005ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம், அரசமைப்புச் சட்டத்தின் சமத்துவ உறுதி தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது என்று கூறிவிட்டது. பின்னர் 2011ஆம் ஆண்டில், தற்காலிக ஆசிரியையாக நியமனம் பெற்ற பெண் ஒருத்தி கருவுற்றிருப்பது தெரிந்ததும் நியமனம் திரும்பப் பெறப்பட்ட வழக்கில், அது பால்வேற்றுமை காட்டும் செயல் என்று ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் 2001ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட ‘பால்’ என்ற ஒரு சொல் அந்த ஆசிரியைக்குத் துணை நின்றது.

இரு பெண்களுக்கும் நேர்ந்த தீங்கு ஒன்றே. ஒருத்திக்கு எதிரே நின்றது அரசு. மற்றொருத்திக்கு எதிரே நின்றது தனியார். சட்டத்தில் எழுதப்பட்ட இடத்தில் நீதிமன்றம் கைகொடுத்தது. எழுதப்படாத இடத்தில் கைகட்டி நின்றது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம், கருவுற்ற பெண்ணையும் கருவால் நோயுற்றவளையும் அக்காரணத்துக்காக வேலைநீக்கம் செய்யலாகாது என்று கூறிய பின்னரே தனியார் துறைப் பெண்ணுக்கு வேலி அமைந்தது. அந்த ஒரு விதியின் குறைவால் அதற்கு முன் எத்துணைப் பெண்கள் வாய்திறவாது வீடு திரும்பினர் என்பதற்குக் கணக்கே இல்லை.

சான்றிதழ் இல்லாத தாய்

இனி, பேசுவதற்குப் பலரும் தயங்கும் பொருள் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் தமிழ்ப் பெண் நின்ற தோட்டத்தில் இன்று இந்தோனேசியப் பெண் நிற்கிறாள். தமிழர் பாட்டிமார் வந்ததுபோலவே அவளும் கடல் கடந்து கூலிக்கு வந்தாள். கருவுற்றால் அவள் பணிக்குத் தகுதியற்றவள் ஆகிறாள். வெளிநாட்டுத் தொழிலாளருக்கான மருத்துவச் சோதனையில் கருவும் ஒரு குறைபாடாகவே கொள்ளப்படுகிறது. சிங்கப்பூரிலும் வேலை அனுமதிச் சீட்டில் உள்ள வீட்டுப் பணிப்பெண் கருவுற்றால் நாடு திரும்பவேண்டியவளே. அங்கு, பிறக்கும் பிள்ளை குடியுரிமை பெற்றதாயின் தாய்க்குப் பொதுவாக 16 வார விடுப்பு. அல்லாவிடில் 12 வாரம். தாயின் உடலை அளந்து வகுத்த கணக்கன்று இது. பிள்ளையின் ஏட்டை நோக்கி வகுத்த கணக்கு.

மலேசிய அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குச் சிறு கட்டணம். குடிமக்கள் அல்லாதார்க்குப் பன்மடங்கு கட்டணம், முன்பணம். அதன்மேல், ஆவணமற்றவர் சிகிச்சைக்கு வந்தால் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்ற சுகாதார அமைச்சின் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. நோவு கண்ட பெண் மருத்துவமனை வாயிலில் மருத்துவரை நினைப்பாளா, காவலரை நினைப்பாளா? அவள் வரமாட்டாள், அல்லது காலம் கடந்து வருவாள். பேற்றுக்குப்பின் குருதி பெருகினால் சில மணி நேரத்துக்குள் உயிர் போகும். காலங்கடந்து வருதலே பாதிச் சாவு.

இது பிறருடைய துன்பம் என்று தமிழர் ஒதுங்கிவிட இயலாது. இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்து, பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாத தமிழரும் உளர். பெற்றோரின் திருமணம் பதிவாகாமற் போனதும், தோட்டம் மூடப்பட்டபோது ஏடுகள் தொலைந்ததும் அவர்கள் குற்றமல்ல. அத்தகைய பெண் மருத்துவமனைக்குச் சென்றால் அவளும் அந்நியர் கட்டணத்தையே எதிர்கொள்கிறாள். முறையாகப் பதிவு செய்யாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளை தாயின் நிலையையே பெறுகிறது. நாடற்ற தாய், நாடற்ற பிள்ளை. ஏழாண்டு கழித்து அப்பிள்ளை பள்ளி வாயிலில் நிற்கும்போது, தலைமையாசிரியர் மேசைமீது தேடும் சான்றிதழ் பேற்று அறையிலேயே தவறிப்போனதாகும். தாய்நலக் கேடும் கல்விக் கேடும் ஒரே வேரில் முளைத்தவை.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு, முதலாளிகளால் செலவைத் தாங்கமுடியாது என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. 98 நாள் படியை இன்று அந்தந்த முதலாளியே செலுத்தவேண்டும். ஆகவே பெண்ணை வேலைக்குச் சேர்ப்பதையே சிலர் இழப்பாகக் கருதுகின்றனர். இதற்குத் தீர்வு படியைக் குறைத்தலன்று, பளுவைப் பகிர்தல். வேலையிடத்து விபத்துக்கு எல்லா முதலாளிகளும் சொக்சோவுக்குச் சந்தா செலுத்துகிறார்கள். கை ஒடிந்தவனுக்கு அந்நிதி உதவுகிறது. பிள்ளை பெறுபவளுக்கும் அதுபோன்ற பொது நிதி இருந்தால், எந்த முதலாளியும் தனியே சுமக்கவேண்டுவதில்லை. ஒப்பந்தப் பெண்ணும் சிறுதொழிற் பெண்ணும் அதனுள் அடங்குவர். பேறுகாலச் செலவைத் தனி முதலாளிமேல் சுமத்தாது சமூகக் காப்பீட்டால் ஏற்கவேண்டும் என்பதே அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டில் வகுத்த உடன்படிக்கையின் நெறியும் ஆகும்.

இரண்டாம் மறுப்பு, அந்நியர்க்கு வரிப்பணத்தைச் செலவிடலாமா என்பது. அந்நியப் பெண்ணின் உழைப்பால் விளைந்த செம்பனை எண்ணெயை நாடு அந்நியமாகக் கருதுவதில்லை; அதற்குரிய வருவாயை மறுப்பதும் இல்லை. மேலும், வேளையோடு செய்யும் சோதனைக்கு ஆகும் செலவு, மயங்கிய நிலையில் வந்தவளைக் காக்க ஆகும் செலவைவிடக் குறைவு. அறத்தை விடுத்துக் கணக்கை மட்டும் பார்த்தாலும் கணக்கு தாயின் பக்கமே நிற்கிறது.

மூன்றாம் மறுப்பு, சட்டம் போதாது, மக்களிடம் விழிப்புணர்வே தேவை என்பது. 2021ஆம் ஆண்டில் கோவிட் பெருந்தொற்றின்போது, மலேசியாவில் ஒரு லட்சத்துக்கு 24.9 ஆக இருந்த தாய்மார் சாவு 68.2 ஆக உயர்ந்தது. ஓராண்டில் மலேசியப் பெண்கள் விழிப்புணர்வை இழந்துவிட்டார்களா? இல்லை. அமைப்பு தளர்ந்தபோது தாய் வீழ்ந்தாள். அமைப்பைத் தாங்கி நிறுத்துவது சட்டமும் அது கட்டாயப்படுத்தும் நிதியும் ஆகும். விழிப்புணர்வு பெற்ற பெண்ணுக்கும் போவதற்கு ஒரு மருத்துவமனையும், போன நாளுக்குக் கூலியும் வேண்டும்.

செய்யவேண்டுவன

ஆதலின் சட்டம் செய்யவேண்டுவன தெளிவானவை. பேறுகாலப் படியைப் பொது நிதியிலிருந்து வழங்கவேண்டும். வீட்டுப் பணிப்பெண்ணைப் பேறுகாலப் பகுதிக்குள் கொண்டுவரவேண்டும். ஐந்து பிள்ளை விதியை நீக்கவேண்டும். கருவுற்றவள் சோதனைக்குச் செல்லும் நாளுக்குக் கூலி உறுதி செய்யப்படவேண்டும். நோவு கண்டு வரும் எந்தப் பெண்ணிடமும் சிகிச்சைக்குமுன் பணமோ ஆவணமோ கேட்கலாகாது; அவளைக் காட்டிக்கொடுக்கும் கடமை மருத்துவர்க்கு இருத்தலாகாது. தாய்மார் சாவை ஆராயும் முறைக்குச் சட்டத்தின் வலிமை தந்து, எந்த மாவட்டத்தில், எந்த வருவாயினரிடையே, எந்தக் குடிநிலையினரிடையே சாவு மிகுந்தது என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கவேண்டும். இவற்றில் ஒன்றேனும் மண்ணுலகில் எங்கும் காணாத புதுமையன்று. பணம் இல்லாமையைவிட மனம் இல்லாமையே தடை.

இதில் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பங்கு என்ன? தாய்மையின் சிறப்பு என்னும் தலைப்பு கட்டுரைப் பாடத்தில் ஆண்டுதோறும் வருகிறது. மாணவரும் மனப்பாடம் செய்த தொடர்களை அழகுற அடுக்கி எழுதுகின்றனர். அத்தலைப்புக்குப் பின் மற்றொரு தலைப்பையும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதலாம்: தாய்மைக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு. மாணவர் வீட்டுக்குச் சென்று தாயிடம் கேட்கட்டும், பாட்டியிடம் கேட்கட்டும். எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினீர்கள்? கூலி கிடைத்ததா? யார் பேறு பார்த்தார்? பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்றபோது அதற்கு எத்தனை நாள் வயது? அவ்விடைகளை எழுதிக் கொண்டுவரும் மாணவரின் கட்டுரையில் உவமைகள் குறைந்திருக்கலாம், உண்மை நிறைந்திருக்கும். அவர்களில் ஒருவர் நாளை வழக்கறிஞராகவோ தாதியாகவோ சட்டமன்ற உறுப்பினராகவோ வரக்கூடும். அன்று அந்தக் கட்டுரை மீண்டும் எழுதப்படும். சட்ட ஏட்டில் எழுதப்படும்.

பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளி என்று 1923ஆம் ஆண்டில் ஒரு சட்டம் கூறிற்று. அதனால் ஓர் இனம் எழுத்தறிந்தது. பிள்ளை பெறும் பெண் எவளாயினும் அவளுக்கு ஒரே பாதுகாப்பு என்று கூறும் சட்டம் இன்னும் எழுதப்படவில்லை. அது எழுதப்படும்வரை, தாயைத் தெய்வம் என்று அழைக்கும் வாய்களுக்கு அச்சொல்லைச் சொல்லும் தகுதி முழுமையாக வந்துவிடவில்லை.